தெரியாத மலையில் மூன்று நாள் நடை: வழி தேர்ந்தெடுக்க ஆஸ்மேண்டா, ஆர்கானிக் மேப்ஸா?

இணையம் இல்லாமல் ஓடும் வரைபடச் செயலி எது நல்லது என்று யாரைக் கேட்டாலும் முதலில் வருவது இந்த இரண்டு பெயர்கள்தான். இரண்டும் ஒரே இடத்திலிருந்து, அதாவது யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து தகவலை எடுக்கின்றன. ஒன்றில் இல்லாத ஒற்றையடிப் பாதை இன்னொன்றிலும் இருக்காது. அதனால் "எதில் பாதை அதிகம்" என்ற கேள்விக்கே இடமில்லை. பார்க்க வேண்டியது வேறு: கையில் மூன்று நாள், முதுகில் பத்துப் பன்னிரண்டு கிலோ, முன்பின் பார்த்திராத மலை. நாளுக்கு எவ்வளவு நடப்பது, எங்கே தங்குவது, எங்கே திரும்புவது என்று வீட்டில் உட்கார்ந்தே முடிவெடுக்க எந்தச் செயலி உதவுகிறது?

சோதித்துப் பார்க்க ஒரு வழி வேண்டும். உத்தராகண்ட், ருத்ரபிரயாக் மாவட்டம்: சாரி கிராமத்திலிருந்து தேவரியா தால் ஏரி, ரோகிணி புக்யால், சோப்தா, துங்கநாத் கோயில், சந்திரசிலா சிகரம். புக்யால் என்றால் மலை உச்சிப் பக்கம் விரிந்து கிடக்கும் புல்வெளி. முதல்முறை இமயமலைக்குப் போகிறவர்களுக்கு இந்த வழி பொருத்தம். தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் வண்டிச் சாலை உண்டு, இரவு தங்கும் இடங்கள் எல்லாமே 3,000 மீட்டருக்குக் கீழே.

ஆர்கானிக் மேப்ஸைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் அதன் பலமும். விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது, காசும் கேட்காது. உத்தராகண்ட் கோப்பை இறக்கி, அடுக்குகளில் சமஉயரக் கோட்டை (ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடு) இயக்கினால் வேலை முடிந்தது. சாரியில் ஒரு புள்ளி, சோப்தாவில் ஒரு புள்ளி வைத்து 'நடை' என்று கேட்டால் தூரம், மொத்த ஏற்றம், இறக்கம், உயர வரைபடம் எல்லாம் தருகிறது. 2024 முதல் நடந்த வழியைப் பதிவும் செய்கிறது. (2025-ல் இதிலிருந்து கோமேப்ஸ் என்று ஒன்று தனியாகப் பிரிந்தது. பயன்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை, ஏற்கெனவே ஒன்று இருந்தால் மற்றதைத் தேட வேண்டாம்.)

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அது தரும் வழி நீங்கள் நினைத்த வழியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் இரண்டு பாதைகள் கண்ணுக்குத் தொட்டுக்கொண்டிருப்பது போலத் தெரியும், உள்ளே பொதுப் புள்ளியால் இணைக்கப்பட்டிருக்காது. வரைந்தவர் விட்டுவிட்டார், அவ்வளவுதான். செயலிக்கு அது முட்டுச்சந்து. உடனே ஊக்கிமட்–சோப்தா சாலைக்கு இறங்கி, தார் ரோட்டிலேயே சுற்றி அழைத்துப் போய்விடும். திரையில் நீலக்கோடு சாலையோடு ஒட்டிப் போகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். போனால் நடுவில் ரோகிணி புக்யாலில் ஒரு நிறுத்தம் சேர்த்து மறுபடி கேளுங்கள். அப்போதும் சாலைக்கே ஓடினால் அந்த இடத்தில் இணைப்பு இல்லை என்று அர்த்தம். ஆர்கானிக் மேப்ஸில் அதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது. நடை வழியின் நடுவில், பாதை இல்லாத இடத்துக்கு மட்டும் நேர்கோட்டுத் துண்டு சேர்க்க அது விடுவதில்லை.

ஆஸ்மேண்ட் அதைச் செய்ய விடுகிறது. அதற்காக அதன் மற்றத் தொல்லைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

தொல்லைகள் உண்டு. பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் இன்னொரு பட்டியல். சமஉயரக் கோடு வேண்டுமென்றால் முதலில் அதற்கான துணைநிரலை இயக்க வேண்டும், பிறகு அந்த மாநிலத்துக்கான கோட்டுக் கோப்பைத் தனியாக இறக்க வேண்டும். மீட்டர், அடி என்று இரண்டு வகைக் கோப்புகள் உண்டு, மீட்டரை எடுங்கள். கூகுள் பிளேயில் கிடைக்கும் இலவசப் பதிப்பில் ஏழு கோப்புகள்தான் இறக்கலாம், கோடுகளுக்குக் காசு கட்ட வேண்டும். ஆண்ட்ராய்டில் எஃப்-ட்ராய்டு என்ற இலவசச் செயலிக் களஞ்சியம் வழியாகக் கிடைக்கும் பதிப்புக்கு அந்த எண்ணிக்கை வரம்பு இல்லை. இதைத் தெரியாமல் பலர் பணம் கட்டியிருக்கிறார்கள்.

இந்தத் தொல்லையெல்லாம் தாண்டினால் வழி திட்டமிடும் கருவி வருகிறது. அதில் வேலை இப்படிப் போகும். திரையின் நடுவில் உள்ள குறியைச் சாரி மேல் வைத்துப் புள்ளி சேர்க்க வேண்டும். நகர்வு வகையை 'நடை' என்று வைத்தால் அடுத்த புள்ளி வரை பாதையோடு ஒட்டிக் கோடு வரும். பாதை அறுந்த இடம் வந்ததும் வகையை 'நேர்கோடு' என்று மாற்றி, இடைவெளியைத் தாண்டிப் புள்ளி வைத்துவிட்டு, மறுபடி 'நடை'க்குத் திரும்பலாம். முடித்ததும் ஜிபிஎக்ஸ் கோப்பாகச் (வழியின் புள்ளிகளை வைத்திருக்கும் பொதுவான கோப்பு வகை) சேமித்தால் உயரமும் சரிவும் வரைபடமாக வந்துவிடும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: நேர்கோட்டுத் துண்டுகளுக்கு உயரம் தானாக வராது. அங்கே ஏற்றக் கணக்கு குறைவாகக் காட்டும், அதனால் அந்தத் துண்டில் சமஉயரக் கோடுகளைக் கையால் எண்ணிக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு நாளையும் தனிக் கோப்பாகப் போடுங்கள். மூன்று நாளும் ஒரே கோடு என்றால் மொத்த ஏற்றம் மட்டும் தெரியும், எந்த நாள் உங்களைக் கொல்லப் போகிறது என்று தெரியாது. இந்த வழியில் அது இரண்டாம் நாள். தேவரியா தால் ஏறத்தாழ 2,400 மீட்டர். சோப்தாவோடு ஒப்பிட்டால் முனைக்கு முனை சில நூறு மீட்டர்தான் வித்தியாசம், பார்த்தால் நோகாத நடை போலிருக்கும். ஆனால் வழி முகட்டில் ஏறி, புக்யாலைக் கடந்து, ஆகாசகாமினி ஓடைக்கு இறங்கி, மறுபடி ஏறுகிறது. கூட்டு ஏற்றம் முனை வித்தியாசத்தைவிடப் பன்மடங்கு. மொத்த ஏற்றத்தைப் பார்க்காமல் தொடக்க உயரத்தையும் முடிவு உயரத்தையும் கழித்துப் பார்ப்பதுதான் புதியவர்கள் இருட்டில் மாட்டிக்கொள்வதற்கு முதல் காரணம்.

இரண்டு செயலிகளும் நேரம் சொல்கின்றன. எதையும் அப்படியே நம்ப வேண்டாம். 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் சொன்ன கணக்கு இன்றைக்கும் போதும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி. இது நல்ல பாதையில், உடல் பழகியவருக்கு. முதுகில் சுமை, மெல்லிய காற்று என்றால் வந்த விடையை ஒன்றரையால் பெருக்குங்கள். இரண்டாம் நாள் 15 கிலோமீட்டர், செயலி காட்டும் கூட்டு ஏற்றம் 800 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், தூரத்துக்கு 3 மணி, ஏற்றத்துக்கு 1 மணி 20 நிமிடம். ஒன்றரையால் பெருக்கினால் ஆறரை மணி நேரம். சாப்பாடு, ஓய்வுக்கு ஒரு மணி சேர்த்தால் ஏழரை. அக்டோபர் கடைசியில் அந்தப் பக்கம் மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். காலை எட்டுக்குக் கிளம்பினால் வெளிச்சம் மிச்சம் இருக்கும். ஏரியில் மலைகளின் நிழலைப் படம் எடுத்துவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்பினால் சோப்தாவுக்கு டார்ச்சோடுதான் போக வேண்டும்.

சோப்தாவிலிருந்து சந்திரசிலாவுக்கு 5 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர் என்று போட்டால் இதே கணக்கில் மூன்றே முக்கால் மணி நேரம் வரும். சுமையைச் சோப்தாவில் வைத்துவிட்டுப் போகலாம் என்பதால் கொஞ்சம் குறையும்.

உயரம் விஷயத்தில் இணையத்தைவிட இந்தச் செயலிகளை நம்பலாம். துங்கநாத் கோயில் 3,680 மீட்டர் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். சந்திரசிலா சிலர் கணக்கில் 4,000 மீட்டர், ட்ரெக் நடத்துகிறவர்கள் பட்டியலில் 12,083 அடி, அதாவது 3,683 மீட்டர். கோயிலுக்கு மேலே ஒன்றரைக் கிலோமீட்டர் ஏறிப் போகும் சிகரமும் கோயிலும் ஒரே உயரமாக எப்படி இருக்கும்? சமஉயரக் கோடுகளை எண்ணினால் சிகரம் 3,700-ஐ ஒட்டி வருகிறது, கோயில் அதற்குச் சுமார் 200 மீட்டர் கீழே. 4,000 என்பதை நம்பித் திட்டம் போட்டால் இல்லாத 300 மீட்டருக்கு முக்கால் மணி நேரம் கூடுதலாக ஒதுக்குவீர்கள், பரவாயில்லை. வேறொரு மலையில் பிழை எதிர்ப்பக்கம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

கோடுகளுக்கும் ஓர் எல்லை உண்டு. இவற்றுக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த உயரத் தரவு. அது 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. இருபது மீட்டர் உயரப் பாறைச் சுவர் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழுந்தால் வரைபடத்தில் அது வெறும் செங்குத்தான சரிவாக மழுங்கிவிடும். அதனால் பாதை போட்டிருக்காத சரிவில் "கோடு அவ்வளவு நெருக்கமாக இல்லையே" என்று குறுக்கே இறங்குவது கூடாது. சரிவைக் கணக்கிட எளிய வழி: 20 மீட்டர் இடைவெளிக் கோடுகள் ஐந்து, தரையில் 100 மீட்டர் தூரத்துக்குள் அடங்கினால் அது ஏறத்தாழ 45 பாகை. பனிச்சரிவு அதிகம் நடப்பது 30 முதல் 45 பாகைச் சரிவுகளில். டிசம்பர் முதல் மார்ச் வரை போகிறவர்கள் ஆஸ்மேண்டின் சரிவு வண்ண அடுக்கை இயக்கி, துங்கநாத்துக்கு மேலே வழி எந்த நிறத்துக்குக் குறுக்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அந்த மாதங்களில் கோயில் மூடியிருக்கும், சோப்தா சாலையே பனியில் அடைபடுவதும் உண்டு.

நடக்கும்போது கைபேசி காட்டும் உயரம் தனிக் கதை. ஜிபிஎஸ் அளப்பது கடல் மட்டத்திலிருந்து அல்ல, பூமியின் வடிவத்தைத் தோராயமாகக் குறிக்கும் கணித நீள்கோளம் ஒன்றிலிருந்து. திருத்தாத எண்ணைக் காட்டும் செயலியைக் கன்னியாகுமரிக் கடற்கரையில் திறந்தால் கடலுக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே நிற்பதாகச் சொல்லும். இமயமலைப் பக்கம் வித்தியாசம் இதைவிடக் குறைவு என்றாலும் இருக்கும். நிற்கும் இடத்தைச் சமஉயரக் கோட்டோடு வைத்துப் பார்ப்பதே சரி.

இரண்டு செயலிகளிலும் கிடைக்காதவை மூன்று, மூன்றுமே வழியை மாற்றக்கூடியவை. தண்ணீர் முதலில். வரைந்தவர் 'பருவகால ஓடை' என்று குறித்திருந்தால்தான் நீலக்கோடு விட்டு விட்டு வரும், இல்லையென்றால் வற்றிப்போன ஓடையும் முழுக் கோடாகவே தெரியும். தேவரியா தாலிலிருந்து ரோகிணி புக்யால் வரை முகட்டு வழி, முகட்டில் நீரை எதிர்பார்க்கக் கூடாது. ஆளுக்கு 3 லிட்டர் நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும். அது 3 கிலோ கூடுதல் சுமை என்பதையும் நேரக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது சட்டம். வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் டென்ட் குறி போடலாம். ஆனால் 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால்களில் இரவு தங்குவதைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. ரோகிணி புக்யாலில் ஒரு ராத்திரி என்று பழைய பயணத் திட்டங்களில் இருப்பதை நகலெடுத்தால் இரண்டாம் நாள் திட்டமே உடைந்துபோகும். இந்தப் பகுதி கேதார்நாத் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருவதால் வனத்துறை அனுமதியும் வேண்டும். சாரியிலேயே கேட்டு முடித்துவிடுங்கள்.

மூன்றாவது, வெளியேறும் வழி. செயலி தொடக்கத்தையும் முடிவையும்தான் கேட்கும், கால் சுளுக்கினால் எங்கே இறங்குவது என்று கேட்காது. நீங்களே குறித்து வைக்க வேண்டும். முதல் பாதியில் என்றால் திரும்பிச் சாரிக்கே. பாதியைத் தாண்டிவிட்டால் சோப்தாவுக்குச் சில கிலோமீட்டர் முன்னால், சாலையோரம் இருக்கும் பனியாகுண்ட். இந்த இரண்டையும் தனித் தனி ஜிபிஎக்ஸ் கோப்பாக வரைந்து சேமியுங்கள். செயற்கைக்கோள் செய்திக் கருவி வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் அவற்றை வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் உண்டு.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது, பழைய ஊர்ப் பெயர்களும் ஓடைகளும் அதில் தெளிவு. ஒன்றைத் தெரிந்துகொண்டு தேடுங்கள்: சாரியும் தேவரியா தாலும் பழைய எண்படி 53 என்/2-ல், துங்கநாத் 53 என்/3-ல். வழி நடுவில் தாள் மாறுகிறது. ஒரு தாளை மட்டும் எடுத்துப் போனால் பாதி வழிக்குத்தான் வரைபடம்.

ஆக, வழியைத் தேர்ந்தெடுக்க ஆஸ்மேண்ட். அதில் வரைந்த ஜிபிஎக்ஸ் கோப்புகளை ஆர்கானிக் மேப்ஸுக்கு மாற்றி, நடக்கும்போது அதைத் திறப்பது வசதி. வேகமாகத் திறக்கிறது, வெயிலில் கோடுகள் பளிச்சென்று தெரிகின்றன, கையுறை போட்ட விரலுக்கு அகப்படாத பட்டியல்கள் அதில் இல்லை. ஒரே செயலிதான் என்றால், பலரும் நடந்து தேய்ந்த இந்த வழிக்கு ஆர்கானிக் மேப்ஸ் மட்டுமே போதும். பாதை அறுபடும், ஆள் குறைவான மலைக்கு அது போதாது.

கோப்புகளை ரிஷிகேஷ் தாண்டுவதற்குள் இறக்கி, கைபேசியை விமான நிலைக்கு (ஏரோப்ளேன் மோட்) மாற்றி ஒருமுறை திறந்து பாருங்கள். அந்த நிலையிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், பேட்டரியும் மிஞ்சும். மூன்று நாளுக்கு 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் ஒன்று போதும். குளிரில் அதன் கொள்ளளவு இறங்கும் என்பதால் இரவில் இரண்டையும் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.