ஓரம் நறுக்கிய ஜாக்கி ராபின்சன் கார்டு: பழைய பேஸ்பால் கார்டு வாங்குபவர்கள் கவனத்துக்கு

பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட பழைய கார்டுகளைச் சேகரிப்பவர்களிடம், போலி கார்டுகளைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். எனக்கு வந்தது போலி இல்லை, அசல் கார்டுதான். ஆனால் தேய்ந்த ஓரத்தைப் பிளேடால் சீவி, கை படாத கார்டு மாதிரி ஆக்கி விற்றுவிட்டார்கள். இந்த வகை ஏமாற்று இன்னும் மோசம். அச்சு, மை, தாள் எல்லாமே சரியாக இருக்கும்.

நான் வாங்கியது, டாப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1952-இல் வெளியிட்ட வரிசையில் 312-ஆம் எண், ஜாக்கி ராபின்சன். அதற்கு முந்தைய எண், மிக்கி மேன்டில் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரரின் கார்டு. அதன் ஒரு பிரதி 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. பெரும்பாலோர் மேன்டிலைத்தான் தேடுவார்கள். எனக்கு ராபின்சன்தான் வேண்டும். 1947-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காகக் களமிறங்கி, அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் பல பத்தாண்டுகளாகக் கறுப்பின ஆட்டக்காரர்களை ஒதுக்கி வைத்திருந்த நிறத்தடையை உடைத்தவர் அவர். அவருடைய 42-ஆம் எண்ணை 1997 முதல் எந்த அணியும் புதிதாக யாருக்கும் தருவதில்லை. அவர் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே அச்சான கார்டு இது. சீசன் முடியப்போகும் நேரத்தில் வந்ததால், 311-இல் தொடங்கும் அந்தக் கடைசித் தொகுதி சரியாக விற்கவில்லை. மீந்துபோன பெட்டிகளை 1960 வாக்கில் கடலில் கொட்டியதாக அந்த வரிசையை வடிவமைத்த டாப்ஸ் ஊழியர் சை பெர்கரே சொல்லியிருக்கிறார். அப்படித் தப்பிப் பிழைத்த ஒன்றில் போய்க் கத்தி வைக்க எப்படித்தான் மனம் வருகிறதோ.

விற்றவர் காட்டிய படங்கள் எல்லாமே, திருகாணி போட்டு முடுக்கும் தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் எடுத்தவை. வெளியே எடுத்துப் படம் கேட்டேன். எடுத்தால் மூலை மடங்கிவிடும் என்றார். ஓரம் வெட்டியதா என்று நேரடியாகக் கேட்டதற்கு, "இல்லை, அச்சானபடியே இருக்கிறது" என்று எழுத்திலேயே பதில் தந்தார்.

கார்டு வந்ததும் அளந்து பார்த்தேன். 1952 முதல் 1956 வரை வந்த டாப்ஸ் பேஸ்பால் கார்டுகளின் அளவு 2⅝ அங்குல அகலம், 3¾ அங்குல உயரம். இன்று நாம் பார்க்கும் 2½ × 3½ அளவு 1957-இல்தான் வந்தது. என் கார்டில் அகலம் சரியாக இருந்தது, உயரம் குறைவாக இருந்தது. அப்புறம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், மூன்று ஓரங்கள் பழுப்பேறி நார் நாராகத் தெரிந்தன. கீழ் ஓரம் மட்டும் வெள்ளை வெளேரென்று, நேற்று வெட்டியது போல இருந்தது. கார்டு அசலா, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் தரும் தரமதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன். அசல்தான், ஆனால் ஓரம் வெட்டப்பட்டது என்று குறித்து, மதிப்பெண் தராமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

விற்றவரிடம் சொன்னபோது, "ஆலையிலேயே அப்படித்தான் வெட்டியிருப்பார்கள்" என்றார். அந்தக் காலத்தில் அளவு சற்றுக் கூடக் குறைய வெட்டுப்பட்ட கார்டுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆலையில் வெட்டியிருந்தால் அந்த ஓரமும் மற்ற மூன்றைப் போலவே பழுப்பேறி இருக்க வேண்டும். இதைப் படத்தோடு அனுப்பினேன். உடனே பேச்சு மாறியது: நான்தான் வெட்டியிருப்பேனாம்! அதன் பிறகு பதிலே இல்லை, பணமும் வரவில்லை.

இது எங்கோ ஒருவர் செய்யும் வேலை என்று நினைக்காதீர்கள். மழுங்கிய மூலையைச் சீவிக் கூராக்கினால் விலை பல மடங்கு ஏறும். ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி 1991-இல் இன்னொருவரோடு கூட்டாக வாங்கிய, பழங்கால பேஸ்பால் ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் டி206 வரிசைக் கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓரத்தை வெட்டியது தான்தான் என்று ஏல நிறுவனம் நடத்திய பில் மாஸ்ட்ரோ 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதற்குள் அந்தக் கார்டு பல கை மாறிவிட்டது.

தரமதிப்பீடு ஆகாத பழைய கார்டு என்றால், உறையை விட்டு வெளியே எடுத்து, நான்கு ஓரங்களையும் பக்கவாட்டில் கிட்டத்தில் காட்டும் படங்கள் கேளுங்கள். அளவுகோலோடு ஒரு படமும் வேண்டும். தர மறுத்தால், எவ்வளவு பிடித்த ஆட்டக்காரராக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வெட்டியது தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்பதையும் பணம் அனுப்பும் முன்பே எழுதி வாங்குங்கள். முடுக்கும் உறைகளையே நான் நம்புவதில்லை. அழுத்தத்தில் கார்டு நசுங்கிவிடும், அதுவே தனிக் குறை.

அதே நபர் இப்போது பேஸ்பால் ஆட்டக்காரர் சாட்செல் பேஜின் 1953 டாப்ஸ் கார்டை விற்பனைக்கு வைத்திருக்கிறார். அதே மாதிரி உறை, உறைக்கு வெளியே எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அந்தக் கார்டின் உயரமும் 3¾ அங்குலம் இருக்க வேண்டும். வாங்க நினைப்பவர்கள் முதலில் அதைக் கேளுங்கள்.