ஒர்லாண்டோ போறவங்க கவனத்துக்கு: "ஆல் பார்க் டிக்கெட்"னு யாராவது வித்தா காசு அனுப்புறதுக்கு முன்னாடி இதை படிங்க

டிசம்பர் லீவுக்கு ஃப்ளோரிடால இருக்கிற ஒர்லாண்டோ தீம் பார்க்குங்களுக்கு பிளான் போட்டுட்டு இருக்கிற நம்மாளுங்க நிறைய பேர் இருப்பீங்க, அதனால சுத்தி வளைக்காம சொல்லிடறேன். டிஸ்னி யுனிவர்சல் ரெண்டுக்கும் சேத்து "எல்லா பார்க்கும், எப்ப வேணா மாறி மாறி போகலாம், கேட் விலைய விட கம்மி"ன்னு வாட்ஸ்அப் குரூப்புங்கள்ல ஒருத்தர் டிக்கெட் விக்கிறாரு. நல்லா பேசுறாரு, தமிழ்லயே பேசுறாரு, ஒர்லாண்டோவுலயே இருக்கேன்னு சொல்றாரு. எங்ககிட்ட பல பார்க் டிக்கெட்டுக்கு காசு வாங்கிட்டு ஒரு பார்க் டிக்கெட்ட குடுத்தாரு. அதுலயும் ஒன்னு, டிக்கெட்டே தேவைப்படாத குழந்தைக்கு.

இந்த ஏமாத்து எப்படி நடக்குதுன்னு புரியணும்னா முதல்ல இது தெரியணும். டிஸ்னி வேர்ல்டுல நாலு பார்க் இருக்கு, மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம். சாதா டிக்கெட் எடுத்தா ஒரு நாளைக்கு ஒரு பார்க்தான், அதே பார்க்குக்குள்ள வெளிய வந்து திரும்ப போகலாம், வேற பார்க்குக்கு அன்னிக்கு போக முடியாது. அதுக்கு மேல காசு கட்டினா பார்க் ஹாப்பர், ஒரே நாள்ல எத்தன பார்க் வேணாலும். தேதிய பொறுத்து மாறும், ஆனா ஒரு ஆளுக்கு நூறு டாலர் அக்கம்பக்கம் கூடுதலா வரும்னு வச்சுக்கோங்க. குடும்பத்துல அஞ்சு பேருன்னா நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. ஹாப்பருக்கு காசு வாங்கிட்டு சாதா டிக்கெட்ட குடுத்தா இந்த கூடுதல் காசுதான் இந்த மாதிரி ஆளுங்களுக்கு லாபம், மாட்டவும் மாட்டாங்க, ஏன்னா ரெண்டு டிக்கெட்டும் முதல் பார்க் கேட்டுல ஒரே மாதிரிதான் வேலை செய்யும். ரெண்டாவது பார்க் கேட்டுல போய் நின்னாதான் வித்தியாசமே தெரியும், அதுக்குள்ள காசு போய் வாரக்கணக்கா ஆயிருக்கும்.

நாங்க நியூ ஜெர்சில இருக்கோம். மதுரையில இருந்து அப்பா அம்மா வந்திருந்தாங்க, பொண்ணுக்கு 11 வயசு, பையனுக்கு ரெண்டரை. இந்த ஆள்கிட்ட பேசினப்பவே வயசெல்லாம் தெளிவா சொல்லியாச்சு. "அண்ணே, பெரியவங்கள கூட்டிட்டு போறீங்க, ஹாப்பர் இல்லாம போயிடாதீங்க, ஒரே பார்க்குல உக்காந்து கஷ்டப்படுவாங்க"ன்னாரு. பையனுக்கும் "சைல்ட் ரேட் போட்டுடறேண்ணே, பாதிதான்"னு சேத்துட்டாரு. டிஸ்னில மூணு வயசுக்கு கீழ டிக்கெட்டே கிடையாது, ஃப்ரீ. மூணுல இருந்து ஒம்பது வரைக்கும்தான் சைல்ட், பத்துல இருந்து பெரியவங்க கணக்கு. இது தெரியாத ஒருத்தர் இத்தன வருஷமா ஒர்லாண்டோவுல டிக்கெட் விக்கிறேன்னு சொன்னா நம்புற மாதிரியா இருக்கு? தெரிஞ்சேதான் வாங்கியிருக்காரு. போதாக்குறைக்கு அந்த சைல்ட் ரேட்டும் பாதியெல்லாம் கிடையாது, பெரியவங்க விலைய விட கொஞ்சம்தான் கம்மி.

"கார்டுல போட்டா மூணு பர்சென்ட் போயிரும்ணே, ஸெல்ல (Zelle, பேங்க் மூலமா நேரா காசு அனுப்புறது) அனுப்பிடுங்க, நம்மாளுங்களுக்குள்ள பில் எதுக்கு"ன்னாரு. கார்டுன்னா பேங்க்ல டிஸ்ப்யூட் போடலாம், ஸெல்ல நீங்களா அனுப்பினது அனுப்பினதுதான், பேங்க் கைய விரிச்சிடும். டிக்கெட் நம்பர் கேட்டப்பெல்லாம் "சிஸ்டம்ல இன்னும் அப்டேட் ஆகல", "முன்னாடியே குடுத்தா ஃப்ராடு பண்றாங்கண்ணே"ன்னு (இத அவர் சொல்றாரு!) இழுத்தடிச்சு, ஃப்ளைட்டுக்கு முந்தின ராத்திரி ஒரு பிடிஎஃப் வந்துச்சு. அழகா கோட்டை படமெல்லாம் போட்டு "ஆல் பார்க் பாஸ்"னு அவரே டிசைன் பண்ணது, கீழ குட்டி குட்டியா பார்கோடு. டிஸ்னில ஆல் பார்க் பாஸ்னு ஒரு டிக்கெட்டே கிடையாதுங்க.

முதல் நாள் மேஜிக் கிங்டம், பிரச்சன இல்ல. பையன் டிக்கெட்ட காட்டினதும் கேட்டுல இருந்த அம்மா சிரிச்சுட்டு, இவருக்கு வேண்டாம், உள்ள கூட்டிட்டு போங்கன்னாங்க, அப்பவே எனக்கு வயித்த பிசைய ஆரம்பிச்சுடுச்சு. சாயங்காலம் மோனோரயில் ஏறி நடுவுல ஒரு தடவ மாறி எப்காட் போனோம், ராத்திரி வாணவேடிக்கை அங்கதான் பாக்கணும்னு பொண்ணு காலையில இருந்து சொல்லிட்டே இருந்தா. கேட்டுல டிக்கெட்ட வச்சா பச்ச லைட் எரியணும். நீலம் எரிஞ்சுது. அடுத்தவருக்கும் நீலம். எல்லாருக்கும் நீலம். பின்னாடி வரிசையில நிக்கிறவங்க எல்லாம் பாக்குறாங்க, அப்பா மெதுவா "என்னப்பா, உள்ள விட மாட்டாங்களா"ன்னு கேக்குறாரு. கெஸ்ட் ரிலேஷன்ஸ்ல (பார்க்கோட உதவி கவுன்டர்) போய் கேட்டா ஸ்க்ரீன திருப்பி காட்டினாங்க, நாள் ஒன்னுக்கு ஒரு பார்க், சாதா டிக்கெட்.

அங்கயே நின்னு அந்த ஆளுக்கு போன் போட்டேன். "அண்ணே மதியம் ரெண்டு மணிக்கு மேலதான் ஹாப்பிங், அதான் பிரச்சன"ன்னாரு. மணி ஆறரை! அந்த ரெண்டு மணி ரூல் 2021ல கொண்டு வந்தது, 2024 ஜனவரிலயே எடுத்துட்டாங்க. அத சொன்னதும் "டவர் சரியா இல்லண்ணே, அப்புறம் கூப்புடுறேன்". அதுக்கப்புறம் அவர் கூப்பிடவே இல்ல.

வித்தியாசத்த கட்டினா அங்கயே ஹாப்பரா மாத்தி தர்றேன்னு கெஸ்ட் ரிலேஷன்ஸ்ல சொன்னாங்க. இது முக்கியம், கவனமா படிங்க: சாதா டிக்கெட் எடுத்துட்டு போய், டிரிப்புக்கு நடுவுல தேவைன்னு தோணினா அப்ப ஹாப்பர் சேத்துக்கலாம். எல்லாரும் சேக்கணும்னு கூட இல்ல, ஒருத்தருக்கு மட்டும் சேக்கலாம். "இப்பவே எடுக்கலன்னா அப்புறம் கிடைக்காது"ன்னு யாராவது அவசரப்படுத்தினா அது வியாபாரம். நாங்க பொண்ணுக்கும் வொய்ஃபுக்கும் மட்டும் மாத்தினோம், நான் பையனையும் பெரியவங்களையும் கூட்டிட்டு ரூமுக்கு போயிட்டேன், அம்மா கால்வலில படுத்தவங்க காலையிலதான் எழுந்தாங்க. அவங்களுக்கு போய் ஹாப்பர் வித்திருக்கான் பாருங்க.

சரி, ஹாப்பர் எடுக்கலாமா வேணாமான்னு கேட்டா, என் கணக்கு இதுதான். ஒரு பார்க்க விட்டு வெளிய வந்து, பஸ்ஸோ ட்ரெயினோ புடிச்சு, இன்னொரு பார்க் செக்யூரிட்டி தாண்டி உள்ள போறதுக்குள்ள முக்கால் மணி ஒரு மணி நேரம் ஓடிடும். மேஜிக் கிங்டம் எப்காட் நடுவுல மோனோரயில் இருக்கு. எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் ஸ்கைலைனர்னு ரோப் கார் 2019ல இருந்து ஓடுது, இந்த ரெண்டுக்கும் மாறுறது சுலபம், போட் கூட இருக்கு. அனிமல் கிங்டத்துக்கு பஸ், இல்லன்னா உங்க கார்தான். கார்ல போறவங்க பார்க்கிங் காசு அன்னிக்கு ஒரு தடவ கட்டினா நாலு பார்க்குக்கும் செல்லும், ரசீத வச்சுக்கோங்க. அனிமல் கிங்டம் பெரும்பாலும் மத்ததெல்லாத்துக்கும் முன்னாடி மூடிடுவாங்க, அன்னிக்கு சாயங்காலம் சும்மா இருக்கும், அந்த மாதிரி ஒரு நாளுக்கு ஹாப்பர் உபயோகம். மத்தபடி நாலு நாளோ அதுக்கு மேலயோ இருக்கீங்க, சின்ன குழந்தைங்க, வயசானவங்க கூட இருக்காங்கன்னா ஒரு நாளைக்கு ஒரு பார்க்கே தாராளம், மேஜிக் கிங்டம் ஒன்னையே ஒரு நாள்ல முடிக்க முடியாது. ரெண்டே நாள்தான் இருக்கு, நாலையும் தொட்டுப் பாத்துடணும், எல்லாரும் நல்லா நடப்பாங்கன்னா எடுங்க.

யுனிவர்சல் கதை வேற. அங்க யுனிவர்சல் ஸ்டுடியோஸும் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வெஞ்சரும் பக்கத்து பக்கத்துல, நடந்தே போயிடலாம். ஆனா ஹாரி பாட்டர் இடம் ரெண்டு பார்க்குலயும் பிரிச்சு வச்சிருக்காங்க, நடுவுல ஓடுற ஹாக்வர்ட்ஸ் எக்ஸ்பிரஸ் ட்ரெயின்ல ஏறணும்னா ஒரே நாள்ல ரெண்டு பார்க்குக்கும் போகற பார்க் டு பார்க் டிக்கெட் கட்டாயம். பொண்ணு ஹாரி பாட்டர் பைத்தியம், ட்ரெயினுக்காகவே அந்த டிக்கெட்டுக்கு காசு குடுத்தோம். டிஸ்னில பட்டதுக்கு அப்புறம் முன்னாடியே கவுன்டர்ல செக் பண்ணினோம், அதுவும் ஒரு பார்க் டிக்கெட்டுதான். திரும்ப வித்தியாசம் கட்டினோம், வேற என்ன பண்றது. குழந்தைக்கு ஹாரி பாட்டர் புடிக்கும்னா யுனிவர்சல்ல பார்க் டு பார்க் எடுக்கிறது நியாயம்தான்னு இப்பவும் சொல்வேன். இன்னொன்னு, "யுனிவர்சல் மூணு பார்க்"னு விளம்பரம் போட்டா எந்த மூணுன்னு கேளுங்க. 2025 மே மாசம் எபிக் யுனிவர்ஸ்னு புதுசு ஒன்னு திறந்திருக்காங்க, அது மத்ததுங்க கூட ஒட்டினாப்புல இல்ல, கொஞ்சம் தள்ளி தனியா இருக்கு. மூணாவதுன்னு சொல்லி வால்கேனோ பே வாட்டர் பார்க்க தலையில கட்டுறாங்க, நீங்க எபிக்னு நினைச்சுட்டு இருப்பீங்க.

ஒர்லாண்டோ பக்கத்துல கிஸ்ஸிம்மீங்கிற ஊர்ல 192 ரோட்டோரம் பாதி விலை டிக்கெட் போர்டு நிறைய பாப்பீங்க. பாதி இடத்துல டைம்ஷேர் (வருஷத்துல சில நாள் தங்கற உரிமைய விக்கிறது) கூட்டத்துல உக்கார வச்சு காலைய காலி பண்ணிடுவாங்க. யாரோ ரெண்டு நாள் போயிட்டு மிச்ச நாள விக்கிறேன்னு சொன்னா தொடவே தொடாதீங்க, ஒரு தடவ உபயோகிச்ச பல நாள் டிக்கெட்ட விக்கிறது ஃப்ளோரிடாவுல குற்றம், டிஸ்னி கேட்டுல விரல் ஸ்கேன் வேற இருக்கு.

வெளி ஆள்கிட்ட வாங்கியே ஆகணும்னா காசு குடுத்த அன்னிக்கே டிக்கெட் நம்பர் வாங்கி டிஸ்னி ஆப்புல உங்க அக்கவுன்ட்ல சேத்துப் பாருங்க, ஹாப்பர் இருந்தா ஹாப்பர்னு அதுலயே எழுதியிருக்கும், பிடிஎஃப்ல இருக்கிற படத்தெல்லாம் நம்பாதீங்க. நம்பர் தர மாட்டேன்னா வாங்காதீங்க. கார்டு மட்டும். அப்புறம் ஃப்ளோரிடாவுல டிராவல் விக்கிறவங்க மாநில விவசாயம் மற்றும் நுகர்வோர் துறைல பதிவு பண்ணியிருக்கணும், "எஸ்டி" (ST)ன்னு ஆரம்பிக்கிற ஒரு நம்பர் இருக்கும், அத கேளுங்க, அவங்க சைட்ல தேடிப் பாக்கலாம்.

இந்த ஆள் பேருல அங்க பதிவே இல்ல. ஸெல் ரசீது, வாட்ஸ்அப் சாட், அந்த கோட்டை போட்ட பிடிஎஃப் எல்லாம் வச்சு அதே துறைக்கு கம்ப்ளைன்ட் அனுப்பியாச்சு. பையன் டிக்கெட் காச மட்டும் "மனசு கேக்கலண்ணே"ன்னு ஒரு மெசேஜோட திருப்பி அனுப்பிட்டு என்னை பிளாக் பண்ணிட்டாரு, ஹாப்பர் காசு வரல. நேத்து என் கசின் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான், டாலஸ் பக்கம் ஒரு குரூப்புல கிறிஸ்துமஸ் ஆஃபர் போட்டிருக்காரு, அதே கோட்டை படம், இப்ப எபிக் யுனிவர்ஸும் சேத்து.