ஜெனரேட்டரா, பேட்டரியா? உக்ரைன் வீடுகளின் கேள்வி

2022 அக்டோபர் 10 முதல் ரஷ்யா உக்ரைனின் மின்கட்டமைப்பைக் குறிவைத்துத் தொடர்ந்து தாக்கத் தொடங்கியது. அதிலிருந்து அங்கே பல வீடுகளில், கரண்ட் இல்லாத நேரத்துக்கு ஜெனரேட்டர் வாங்குவதா, பேட்டரி வாங்குவதா என்ற கேள்விதான்.

செலவு: ஜெனரேட்டர் வாங்கும்போது மலிவு, அப்புறம் பெட்ரோலுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பேட்டரிக்கு முதலிலேயே பெருந்தொகை.

ஓடும் நேரம்: எரிபொருள் இருக்கும்வரை ஜெனரேட்டர் ஓடும். பேட்டரிக்கு இடையில் கரண்ட் வந்தாக வேண்டும்.

பாதுகாப்பு: இதில் சமரசமே கூடாது. ஜெனரேட்டர் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, உயிரைக் குடித்துவிடும். பால்கனியில் வைத்தாலும் வீட்டுக்குள் வரும். பேட்டரியில் புகை இல்லை. லித்தியம் வகையை உறைகுளிரில் மட்டும் சார்ஜ் செய்யக் கூடாது.

கீவ் அடுக்குமாடியில் குழந்தைகளோடு இருப்பவர்களுக்குப் பேட்டரிதான். கிராமத்துத் தனிவீடு, கிணற்று மோட்டார் என்றால் ஜெனரேட்டர் சரி, கதவு ஜன்னலிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்து.