முதலில் ஊசியா, நேரே அறுவையா? காப்பீட்டு ஒப்புதல் கேட்பதற்கு முன்

என் அக்காவின் உயரம் 160 சென்டிமீட்டர், எடை 94 கிலோ. கணக்குப் போட்டால் பிஎம்ஐ, அதாவது கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண், 36.7 வரும். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மாத்திரைகளைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9-ஐ விட்டு இறங்கவில்லை. உடல்பருமன் அறுவை செய்யும் நிபுணர், இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் இரைப்பை பைபாஸ் செய்துகொள்ளலாம் என்றார். ஆனால் மற்ற வழிகளை முயன்று பார்த்தீர்களா என்று காப்பீட்டு நிறுவனம் கேட்கும் எனப் பலரும் சொன்னதால், எடையைக் குறைக்கும் வாராந்திர ஊசியை முதலில் போட்டுப் பார்ப்பது என்று வீட்டில் முடிவு செய்தோம். நான்கு மாதங்களில் எடை 89 கிலோவுக்கு வந்தது, கையிருப்பும் கரைந்தது. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விண்ணப்பத்தைக் கொடுத்தபோது, அங்கிருந்த பெண் கால்குலேட்டரில் எண்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பிஎம்ஐ 34.8 தான் வருதுங்க மேடம், 35-க்குக் கீழ போயிட்டா அப்ரூவல் கஷ்டம்" என்றார். ஐந்து கிலோ குறைந்தது எங்களுக்கு மகிழ்ச்சி தந்திருக்க வேண்டும். அந்த மேசையின் முன்னால் அதுவே தகுதியிழப்பாகிவிட்டது.

அதனால் மருந்தையும் அறுவையையும் பொதுவாக ஒப்பிட்டு எது நல்லது என்று கேட்பதோடு இந்தியாவில் காப்பீடு வைத்திருப்பவருக்கு வேலை முடிவதில்லை. மருந்தை முயன்றுவிட்டு ஒப்புதல் கேட்பதா, இப்போதிருக்கும் எடையோடு நேரே ஒப்புதல் கேட்பதா என்ற இரண்டு பாதைகளைத்தான் அவர் எடைபோட வேண்டியிருக்கிறது.

முதலில் விதியைப் பார்க்கலாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-இல் வகுத்த பொது விலக்குகளின்படி (எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற பட்டியல்), உடல்பருமன் அறுவைக்குப் பணம் கிடைக்க வேண்டுமானால் நோயாளிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மருத்துவர் பரிந்துரைத்திருக்க வேண்டும். பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால், பிஎம்ஐ 35-ஐ எட்டியிருப்பதோடு பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை, கட்டுப்படாத இரண்டாம் வகை நீரிழிவு ஆகியவற்றுள் ஒன்றாவது இருக்க வேண்டும். இந்த இரண்டாம் வகையினருக்கு, அறுவையை விட எளிய எடைக்குறைப்பு வழிகள் பலனளிக்காமல் போயிருக்கவும் வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் சிக்கல் தொடங்குகிறது. எத்தனை மாதம் முயல வேண்டும், எந்த மருந்தை முயல வேண்டும், எவ்வளவு குறைந்தால் அதைத் தோல்வி என்று கொள்ளலாம் என்பதையெல்லாம் அந்த விதி வரையறுக்கவில்லை. அரைகுறையாக வேலை செய்யும் மருந்துகூட எடையை 5 விழுக்காடு குறைத்துவிடும், அக்காவைப் போன்றவர்களை எல்லைக்கோட்டுக்குக் கீழே தள்ள அதுவே போதும். சர்க்கரையும் சேர்ந்து இறங்கினால் "கட்டுப்படாத நீரிழிவு" என்ற நிபந்தனையும் கைநழுவும்.

35, 40 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 1991-இல் கூட்டிய நிபுணர் மாநாடு வகுத்த எல்லைகள் அவை. இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் வந்துவிடுவதால், இந்திய மருத்துவர்கள் 2009-இல் ஒருமித்து வெளியிட்ட பரிந்துரை அந்த எல்லைகளை 32.5, 37.5 எனக் கீழே கொண்டுவந்தது. 2022-இல் அமெரிக்க, பன்னாட்டு அறுவை நிபுணர் சங்கங்கள் இரண்டும் சேர்ந்து பழைய எல்லைகளைக் கைவிட்டு, ஆசிய மக்களுக்கு 27.5 முதலே அறுவையை முன்வைக்கலாம் என்றன. மருத்துவம் இவ்வளவு தூரம் நகர்ந்த பிறகும் நம்முடைய காப்பீட்டு விதி 1991-இலேயே நிற்கிறது. இதை நான் அநீதி என்றே கருதுகிறேன்.

இனி இரண்டு சிகிச்சைகளின் பலனுக்கு வருவோம். வாராந்திர ஊசிகளுள் ஒன்றான செமாகுளுடைடைப் பற்றிய பெரிய ஆய்வில், 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தது. மற்றோர் ஊசியான டிர்செபடைடின் உச்ச அளவில் 72 வாரங்களில் 20.9 விழுக்காடு குறைந்தது. பத்தாண்டுகளுக்கு முன் எந்த மருந்திடமும் இவ்வளவை எதிர்பார்த்திருக்க முடியாது. அக்காவின் எடையில் 15 விழுக்காடு குறைந்தால் 80 கிலோ, பிஎம்ஐ 31 அளவில் வந்து நிற்கும். பைபாஸ் அறுவைக்குப் பின், சுவீடனில் 1987-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வின்படி, பத்தாண்டுகள் கழித்தும் சுமார் 25 விழுக்காடு குறைவு நிலைத்திருந்தது. அக்காவுக்கு அது 70.5 கிலோ, பிஎம்ஐ 27.5. முதல் ஆண்டுக் கணக்கில் ஊசி அறுவையை நெருங்கி வந்துவிட்டது உண்மைதான். ஆனால் பத்தாண்டுக்கான சான்று இப்போதைக்கு அறுவையிடம் மட்டுமே இருக்கிறது. நீரிழிவிலும் அறுவைக்கு வலுவான சான்று உண்டு: அமெரிக்காவில் 150 பேரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வில், எச்பிஏ1சி 6-க்குள் வந்தவர்கள் பைபாஸில் 29 விழுக்காடு, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் அறுவையில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. அந்த மருந்துகள் இன்றைய ஊசிகளுக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்தவை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டும் ஒன்றுக்கொன்று முற்றிலும் அந்நியமானவை அல்ல. பைபாஸ் செய்த உடலில் உணவு சிறுகுடலுக்குச் சீக்கிரம் சென்று சேர்வதால் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் பெருகுகிறது. அதே ஹார்மோனைப் போல நடிப்பதே இந்த ஊசிகளின் வேலை. வேறுபாடு என்னவென்றால், அறுவை அந்த ஏற்பாட்டை உடலுக்குள்ளேயே செய்துவிடுகிறது, ஊசியை வாரந்தோறும் வாங்கிப் போட வேண்டியிருக்கிறது. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான்: செமாகுளுடைடை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது.

முதல் பாதையின் மிகப் பெரிய பலவீனம் இங்கேதான் இருக்கிறது. 2025 மார்ச்சில் டிர்செபடைடு மவுஞ்சாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தபோது 5 மில்லிகிராம் குப்பி ஒன்றின் விலை 4,375 ரூபாய். வாரம் ஒன்று வீதம் மாதம் 17,500, ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்பதால் விலை இறங்க வழி இருக்கிறது. ஆனாலும் மருத்துவமனையில் சேராமல் வீட்டில் போட்டுக்கொள்ளும் ஊசிக்குப் பெரும்பாலான பாலிசிகள் பணம் தருவதில்லை. அறுவைக்கு ஆகும் சில லட்சத்தைத் தரக்கூடிய காப்பீடு, அந்த அறுவைக்கு முன் முயலச் சொல்லும் மருந்துக்குப் பெரும்பாலும் ஒரு ரூபாயும் தராது. ஏணியின் கீழ்ப்படியை நோயாளி தன் கைக்காசில் கட்டிக்கொள்ள வேண்டும். மருந்தின் அளவையும் மெல்லத்தான் கூட்ட முடியும். செமாகுளுடைடின் முழு அளவை எட்டவே 16 வாரங்கள் ஆகும். எனவே நான்கு மாதம் போட்டுவிட்டு நிறுத்துபவர் முழு அளவின் பலனைப் பார்க்காமலேயே பணத்தையும் தகுதியையும் இழக்கக்கூடும். எங்களுக்கு நேர்ந்தது அதுவே.

அறுவைக்கும் விலை உண்டு, அது ரூபாயில் மட்டும் இல்லை. எங்கள் தெருவில் ஸ்லீவ் செய்துகொண்ட ஒருவர் முதல் மாதங்களில் ஓர் இட்லியைப் பிட்டுப் பிட்டு இருபது நிமிடம் மெல்லுவார். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்க மாட்டார், அரை மணி நேரம் காத்திருப்பார். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுதும் உண்டு. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்படுகிறது, அதைத் திரும்ப வைக்க முடியாது. சிலருக்கு நெஞ்செரிச்சல் நிரந்தரமாகிவிடுகிறது. அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்றில் முதல் 30 நாளில் உயிரிழந்தோர் 0.3 விழுக்காடு. ஊசியில் குமட்டலும் வாந்தியும் மலச்சிக்கலும் பரவலாக வரும்; கணைய அழற்சி அரிது; குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தால் தொடவே கூடாது. பித்தப்பைக் கல் இரண்டு பாதையிலும் வரலாம்.

என் தீர்ப்பு இது. பிஎம்ஐ 27-க்கும் 35-க்கும் நடுவில் இருப்பவருக்கு, ஊசியைப் பல ஆண்டுகள் தொடர வசதி இருந்தால் முதல் பாதை சரியானது. காப்பீட்டின் வாசல் அவருக்கு எப்படியும் மூடியே இருக்கிறது. பிஎம்ஐ 40-ஐத் தாண்டியவருக்கு விதியே "முயன்று தோற்றாயா" என்று கேட்கவில்லை. ஆகவே காப்பீட்டுக்காக மட்டும் ஊசியைத் தொடங்க வேண்டியதில்லை. அறுவை நிபுணரை உடனே பார்ப்பது நல்லது. 35-லிருந்து 40 வரை உள்ளவர்களே மிகுந்த கவனத்தோடு நடக்க வேண்டும். அவர்கள் ஊசியை ஒரு சிகிச்சையாக ஏற்றுக்கொண்டால் போடட்டும், ஒப்புதல் வாங்க ஒரு சீட்டாக மட்டும் நினைத்துப் போட வேண்டாம். முன்பே செய்த உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் நீரிழிவு மருந்துகளும் எளிய வழிகள்தாம். அவற்றுக்கான மருத்துவர் குறிப்புகள் இருந்தால், அவற்றையே முதலில் முன்வைத்து விண்ணப்பிக்கலாம்.

இருந்தும் ஊசியைத் தொடங்குவதென்று முடிவானால், முதல் ஊசிக்கு முன் மருத்துவமனையில் உயரமும் எடையும் அளந்து, தேதியோடும் மருத்துவரின் கையொப்பத்தோடும் எழுதி வாங்குங்கள். எச்பிஏ1சி முடிவும், உறக்கப் பரிசோதனை செய்திருந்தால் அதன் முடிவும் அதே கோப்பில் இருக்கட்டும். பாலிசி எடுத்து எவ்வளவு காலம் கழித்து அறுவைக்குப் பணம் கிடைக்கும் என்ற காத்திருப்புக் காலத்தைப் பாலிசியில் பாருங்கள். எடையைக் கூட்டிச் சொல்வதோ மருந்து எடுத்ததை மறைப்பதோ வேண்டாம். அது உரிமைக்கோரலையே கெடுக்கும், மயக்க மருந்து கொடுக்கும்போது ஆபத்தாகவும் முடியலாம், ஏனெனில் இந்த ஊசி வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதால் மூச்சுக்குழலில் உணவு புகுந்துவிட வாய்ப்பிருக்கிறது.

அக்காவின் முதல் நாள் எடை, சர்க்கரை மருத்துவரின் பழைய மருந்துச் சீட்டு ஒன்றின் ஓரத்தில் "94" என்று பேனாவால் எழுதப்பட்டிருந்தது. தேதி இருந்தது, முத்திரை இல்லை. மருத்துவர் தம் பதிவேட்டைப் பார்த்து அதை உறுதிசெய்து ஒரு கடிதம் தந்தார். அதை இணைத்து விண்ணப்பத்தை மறுபடியும் அனுப்பியிருக்கிறோம். ஊசியை நிறுத்தி ஏழு வாரம் ஆகிறது. இந்த வாரம் எடை 91 கிலோ.