லோடு ஏற்றினால் லாரி இழுக்கவில்லையா? பம்பைக் கழற்ற விடும் முன் இதைப் படியுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் லாரி, டெம்போ வைத்துப் பிழைக்கிறவர்கள் எல்லோரும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 68,000 ரூபாய். ஒரு ரப்பர் ஓஸில் விழுந்த கிழிசலுக்கு டீசல் பம்பையும், எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சுகிற நாலு இன்ஜெக்டரையும் கழற்றி என்னிடம் 68,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன், அதனால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. பம்ப், இன்ஜெக்டர் வேலை மட்டும் பார்க்கிற, கண்ணாடிக் கதவும் ஏசி அறையும் வைத்த ஒரு டீசல் சர்வீஸ் கடை, அவ்வளவு தெரிந்தால் போதும்.

என்னுடையது ஆறு வீல் பிஎஸ்4 லாரி. செண்பகராமன்புதூர் சூளையில் செங்கல் ஏற்றிக்கொண்டு களியக்காவிளை தாண்டிப் போவதுதான் வழக்கமான ஓட்டம். வில்லுக்குறி தாண்டித் தக்கலை பக்கம் ஏறும்போது வண்டி திடீரென்று இழுவையை விட்டது. ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தாலும் ஒரு அளவுக்கு மேல் ஏறவில்லை, செக் லைட் எரிகிறது, பின்னால் கறுப்புப் புகை, அந்தக் குறுகின ரோட்டில் பஸ்காரர்கள் எல்லாம் ஹாரனை விடவே இல்லை. ஓரங்கட்டி ஆஃப் செய்து மறுபடி போட்டால் கொஞ்ச தூரம் நன்றாக ஓடும், அடுத்த ஏற்றத்தில் திரும்பவும் அதே கதை. ஸ்டார்ட்டிங்கில் ஒரு குறையும் இல்லை, சாவியைத் தொட்டதும் பிடித்தது. ஐடிலிலும் ஒரே சீராக நின்றது. இதை எல்லாம் கடையில் ஒன்று விடாமல் சொன்னேன்.

கடைக்காரர் ஸ்கேனரை மாட்டினார். திரையை என் பக்கம் திருப்பி, சிவப்பு எழுத்தில் இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "ரயில் பிரஷர் லோ அண்ணாச்சி, பம்ப் போயிட்டு. இன்ஜெக்டரும் வீக்காட்டு காட்டுது." ரயில் என்றால் பம்ப் அழுத்தி அனுப்புகிற டீசல் இன்ஜெக்டருக்குப் போகும் முன் நிற்கிற குழாய். நான் தயங்கி நின்றதைப் பார்த்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, டீ வரவழைத்து, அந்தத் திரையைப் படம் எடுத்து என் வாட்ஸ்அப்புக்கே அனுப்பினார். "பேடிக்காண்டாம். நம்ம கைல குடுத்தாச்சுல்லா, இனி இது என் வண்டி." ஆதாரத்தை அவரே கையில் கொடுக்கும்போது யார்தான் சந்தேகப்படுவார்கள்? வீட்டில் நகையை வைத்துத்தான் பணம் புரட்டினேன்.

வேலை முடிந்ததும் டிரையல் போனோம். வெறும் வண்டி. பார்வதிபுரம் மேம்பாலத்தில் பறந்தது. "பாத்தியளா" என்றார். கொடுத்தது பேனாவால் எழுதின ஒரு துண்டுச் சீட்டு, அதில் ஜிஎஸ்டி நம்பர் கிடையாது, வாரண்டி பற்றி வாயால் சொன்னதோடு சரி. அடுத்த லோடு ஏற்றிக்கொண்டு போனேன், அதே ஏற்றத்தில் அதே மாதிரி உட்கார்ந்தது. 68,000 ரூபாய் கொடுத்த பிறகு.

போன் போட்டால், "புது பம்ப் செட் ஆவணும், கொஞ்சம் ஓட்டுங்க" என்றார். ஓட்டினேன். அப்புறம் டீசல் சரியில்லை, பங்கை மாத்துங்க என்றார். மாற்றினேன். அப்புறம் ஓவர்லோடு என்றார். நான் வருஷக்கணக்காக அதே செங்கலைத்தான் அதே எண்ணிக்கையில் ஏற்றுகிறேன்! நேரில் போனால் கடைப் பையன், "முதலாளி கோயம்புத்தூர் போயிருக்காரு" என்கிறான், அவருடைய பைக் வாசலில் நிற்கிறது. கழற்றின பழைய இன்ஜெக்டரையாவது கொடுங்கள் என்றேன், எக்ஸ்சேஞ்சில் கம்பெனிக்குப் போய்விட்டதாம். கடைசியில் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு வயதான மெக்கானிக், எல்லோரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். வாட்ஸ்அப்பில் இருந்த அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதுல ரயிலும் இல்ல, மயிலும் இல்ல. இது பூஸ்ட் பிரஷர் கம்மின்னு சொல்லுது, பி0299" என்றார். டர்போ தள்ளுகிற காற்று தேவையான அளவுக்கு எஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை என்பதற்கான கோளாறு நம்பர் (code) அது. டீசல் பம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் கடைக்காரர் எனக்குக் காட்டின அதே திரையில், அவர் விரல் வைத்த அதே வரியில், உண்மையான கோளாறு எழுதியிருந்திருக்கிறது.

ஆசான் வண்டிக்கு அடியில் போய், டர்போவிலிருந்து, காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலருக்குப் போகிற ஓஸைத் துணியால் துடைத்தார். அதன் அடிப்பக்கம், கிளாம்ப்புக்குக் கொஞ்சம் மேலே, எண்ணெய்க் கசிவில் புழுதி அப்பிக் கறுப்பாக ஒரு கோடு. இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி விரித்தார், மீன் செவுள் மாதிரி திறந்தது. சும்மா நிற்கும்போது அது மூடியே இருக்கும். லோடில் டர்போ அழுத்தம் கொடுக்கும்போதுதான் விரிந்து காற்று வெளியே போகும். காற்று குறைந்தால் டீசல் முழுசாக எரியாமல் கறுப்புப் புகை வரும். அழுத்தம் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை என்று தெரிந்ததும் இசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர்) டீசலைக் குறைத்து வண்டியைக் கட்டுப்படுத்திவிடும். வெறும் வண்டியில் டிரையல் போனால் எப்படித் தெரியும்? அதைத் தெரிந்துதான் கூட்டிப்போனார்கள் என்று இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை.

புது ஓஸ், கிளாம்ப், ஆசான் கூலி எல்லாம் சேர்த்து 2,700 ரூபாய். முழு லோடோடு அந்த ஏற்றத்தில் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் கூலியே வாங்கினார்.

விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு. இழுவை போனால் முதலில் ஏர் ஃபில்டர், டர்போ ஓஸ், கிளாம்ப், டீசல் ஃபில்டர், வாட்டர் செபரேட்டரில் தண்ணீர், இதை எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் கடைசி. இன்ஜெக்டர் போய்விட்டது என்றால் இன்ஜெக்டரிலிருந்து மிச்ச டீசல் திரும்புகிற ரிட்டர்ன் லைனில் பாட்டில் மாட்டி, எதில் டீசல் அதிகமாகத் திரும்பி வருகிறது என்று உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுக் கழற்ற விடுங்கள். ஸ்கேனர் காட்டுகிற கோளாறு நம்பரை எழுதி வாங்கி வேறு ஒருவரிடம் கேளுங்கள். பழைய சாமான் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பில் கட்டாயம். டிரையல் லோடோடுதான்.

68,000 ரூபாயை நான் விடப்போவதில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தாச்சு, அடுத்து நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம். லாரி தொழிலுக்கு உள்ளது, கேஸ் நிற்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சொந்தமாக ஓட்டிப் பிழைப்பு நடத்துகிறவனும் அந்தச் சட்டப்படி நுகர்வோர்தான். இதே மாதிரி ஒரு ஸ்கேனர் படம் உங்கள் போனிலும் கிடந்தால், பம்பைக் கழற்றும் முன்னே இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.