பழைய கார்டன் டிராக்டர் வாங்கலாமா? என்ஜினை விடுங்கள், டெக்கைக் கழற்றிப் பாருங்கள்

பழைய கார்டன் டிராக்டரை விற்பவர் முதலில் சாவியைத் திருப்பி என்ஜினை ஓடவிட்டுக் காட்டுவார். வாங்க வந்தவருக்கும் அந்தச் சத்தமே போதுமானதாகிவிடும். ஆனால் இந்த வண்டிகளில் சுலபமாகச் சரியாகிற பாகமே என்ஜின்தான். செலவையும் பொழுதையும் விழுங்குவது அடியில் தொங்கும் புல்வெட்டும் டெக், அதாவது பிளேடுகளை மூடியிருக்கும் தகட்டுக் கூடு. அதற்கடுத்தது ஹைட்ரோஸ்டேட்டிக் கியர், அதாவது ஆயில் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் பெட்டி. 42 அங்குல டெக், இரண்டு பிளேடு, ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், பத்துப் பதினைந்து வருட உழைப்பு. சந்தையில் அதிகம் கைமாறும் இந்த வகையைத்தான் இங்கே எடைபோடுகிறோம். டெக் தகடு கெட்டியாக இருந்து என்ஜின் ஓடாமல் கிடக்கும் வண்டி, நன்றாக ஓடும் என்ஜினும் ஓட்டை டெக்கும் உள்ள வண்டியைவிட எப்போதும் நல்ல பேரம்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். கார்டன் டிராக்டர் என்று விளம்பரம் செய்யப்படுவதில் பெரும்பாலானவை லான் டிராக்டர்கள்தான். பின்சக்கரத்தைப் பாருங்கள். சக்கரம் நான்கைந்து போல்ட்டில் ஹப்போடு பிடிக்கப்பட்டிருந்தால் உள்ளே கனமான டிரான்ஸ்ஆக்சில் (கியரும் பின்அச்சும் ஒன்றான பெட்டி) இருக்க வாய்ப்பு அதிகம். கலப்பை, மண் தள்ளும் பிளேடு போன்றவற்றை அது தாங்கும். அச்சு நுனியில் ஒரு கிளிப்பும் உள்ளே ஒரு கீயும் (சக்கரம் அச்சில் வழுக்காமல் பிடிக்கும் சின்ன இரும்புத் துண்டு) மட்டும் இருந்தால் அது புல் வெட்ட மட்டுமே. முன் ஆக்சில் வார்ப்பிரும்பா, மடித்த தகடா என்பதும் அதையேதான் சொல்லும். புல் மட்டும் வெட்டப் போகிறீர்கள் என்றால் லான் டிராக்டரே போதும். கார்டன் டிராக்டர் என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

இனி டெக். ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி, பெல்ட்டை எடுத்து, டெக்கை வெளியே இழுத்துக் கவிழ்த்துவிடுங்கள். வண்டியோடு இருக்கும்போது குனிந்து பார்ப்பது பார்த்ததாகாது. காய்ந்து கெட்டித்த புல்லைச் சுரண்டி எடுத்தபின் ஸ்பிண்டில் (பிளேடு சுழலும் அச்சும் அதன் கூடும்) உட்காரும் இடங்களைச் சுற்றி ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்திக் குத்துங்கள். ஓரப் பாவாடை துருப்பிடித்திருந்தால் பெரிய கேடில்லை. தகடு வைத்து ஒட்டிக்கொள்ளலாம். ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள தகடு குத்தும்போது உள்வாங்கினாலோ விரிசல் தெரிந்தாலோதான் யோசிக்க வேண்டும். அந்த இடத்தில் ஈரப் புல் மேலேயும் தங்குகிறது, கீழேயும் தங்குகிறது; துரு இரண்டு பக்கமும் தின்கிறது.

அதையும் சரிசெய்யலாம். 3 மி.மீ. தகட்டை வெட்டி, துருப்பிடித்ததை துருவில்லாத இரும்பு தெரியும்வரை அறுத்தெடுத்துவிட்டு வெல்டிங் வைக்க வேண்டும். இங்கே பலர் கெடுப்பது ஒரே ஓட்டமாக வெல்டு இழுத்துத்தான். தகடு சூட்டில் வளைந்து ஸ்பிண்டிலின் முகம் கோணிவிட்டால், பிறகு எத்தனை முறை லெவல் செய்தாலும் வெட்டு சரியாக வராது. பழைய ஸ்பிண்டில் ஹவுசிங்கை அதே இடத்தில் போல்ட் போட்டு இறுக்கி வைத்துக்கொண்டு, 2 செ.மீ. நீளத் துண்டு துண்டாக, இடம் மாற்றி மாற்றி வெல்டு வையுங்கள். பேரிங்கை முன்பே கழற்றியிருக்க வேண்டும். வெல்டிங் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்தால் அது அப்போதே கெட்டது. அடிப்பக்கத்துக்கு விலை உயர்ந்த பெயிண்ட் அடிப்பதில் அர்த்தமில்லை. மணலும் கல்லும் அடித்து ஒரே பருவத்தில் உரிந்துவிடும். துரு தடுக்கும் பிரைமர், அதன்மேல் சாதாரண எனாமல், ஒவ்வொரு முறையும் வெட்டி முடித்ததும் சுரண்டல், இதுவே போதும். டெக்கில் ஹோஸ் மாட்டும் வாய் இருந்தாலும் அதை நம்பவேண்டாம். தண்ணீர் விட்டு ஈரத்தோடு கொட்டகையில் நிறுத்துவது துருவுக்குத் தீனி. காற்றடித்துச் சுத்தம் செய்வதே நல்லது.

ஸ்பிண்டிலைச் சோதிக்க, பெல்ட் இல்லாதபோது பிளேடின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டமே இருக்கக் கூடாது. பிறகு கையால் சுற்றிக் காதை அருகில் கொண்டுபோங்கள்; கரகரவென்றால் பேரிங் போய்விட்டது. முழு ஸ்பிண்டிலையே மாற்றச் சொல்வார்கள். ஹவுசிங் உடையாமல் இருந்தால் அது வீண் செலவு. உள்ளே இருப்பது பெரும்பாலும் 6203, 6204, 6205 என்ற பொது அளவு பேரிங்குகளில் ஒன்று. எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் வகையைக் கேளுங்கள். ஷாஃப்ட் அளவை மட்டும் வெர்னியரில் அளந்துவிடுங்கள். சில ஸ்பிண்டில்களில் வெளி அளவு பொதுவானதாகவும் உள்துளை அங்குலக் கணக்கிலும் இருக்கும்.

ஹவுசிங்குக்குள் இறக்கும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள் வளையத்தை மட்டும். மாற்றித் தட்டினால் புதிய பேரிங்கின் குண்டுகள் பாதையில் குழி விழுந்துவிடும். இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவில் ஒரு குழாய் ஸ்பேசர் இருக்கும். அதைத் தவறவிட்டுப் பூட்டினால், மேல் நட்டை இறுக்கும்போது உள் வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி இழுபட்டு, சில மணி நேர ஓட்டத்திலேயே பேரிங் வெந்துவிடும். “புது பேரிங் போட்டேன், அதுவும் போய்விட்டது” என்ற புலம்பல்களில் கணிசமானவற்றுக்குக் காரணம் இந்தச் சின்னக் குழாய்தான். ஹவுசிங்கில் கிரீஸ் நிப்பிள் இருந்தால், பேரிங்கின் உட்புறச் சீலை மட்டும் ஊசியால் நெம்பி எடுத்துவிட்டு மாட்டுங்கள். இரு பக்கமும் மூடிய பேரிங்குக்கு நிப்பிள் வழியாகப் போகும் கிரீஸ் சேராது. அலுமினிய ஹவுசிங்கை டெக்கோடு பிடிக்கும் தானே மரை வெட்டும் போல்ட்டுகள் வழுக்கினால், துளையை முழுக்கத் துளைத்து நீளப் போல்ட்டும் லாக் நட்டும் போடுவதே நிலைக்கும்.

பிளேடில் கஞ்சத்தனம் வேண்டாம். பின்விளிம்பில் மேலெழுந்த இறக்கைப் பகுதி மெலிந்திருந்தால் தீட்டிப் பயனில்லை, மாற்றிவிட வேண்டும். மெலிந்த இறக்கை முறிந்து பறந்தால் ஆபத்து. தீட்டுவதாக இருந்தால் பழைய சரிவையே பின்பற்றுங்கள். சவரக்கத்தி போல் கூராக்கினால் முதல் கல்லிலேயே மடிந்துவிடும். கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மொட்டை விட்டால் நெடுநாள் உழைக்கும். நடுத்துளையை ஓர் ஆணியில் தொங்கவிட்டு, கனமான பக்கத்தின் நுனியில் தேய்த்துச் சமன் செய்யுங்கள். மாட்டியபின் ஒரு நுனியின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து, பிளேடை அரைச்சுற்று திருப்பி அதே இடத்தில் மறுநுனியை அளக்க வேண்டும். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிளேடு வளைந்திருக்கிறது அல்லது ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. புது பிளேடிலும் அதே வித்தியாசம் என்றால் ஷாஃப்ட்தான். சில டெக்குகளில் பிளேடுகளின் வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும். பல் வைத்த டைமிங் பெல்ட் ஓடும். அங்கே இரு பிளேடுகளும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் மோதிக்கொள்ளும் அபாயம் உண்டு.

பெல்ட் பற்றி ஒரே வார்த்தை: கார் பெல்ட் போடாதீர்கள். டெக் பெல்ட் வழுக்கிப் பிடிக்கும் கிளட்ச் வேலையும் செய்கிறது, முதுகுப்பக்கம் ஐட்லரில் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சக்கரம்) மடங்கவும் வேண்டும். அராமிட் (கெவ்லார் போன்ற வலுவான) நூல் வைத்த பெல்ட்தான் தாங்கும். அடிக்கடி அறுந்தால் பெல்ட்டைத் திட்டுவதற்கு முன் ஐட்லர் புல்லியைச் சுற்றிப் பாருங்கள், இறுகியிருக்கும்.

டெக்கை மாட்டியாயிற்று, லெவல் செய்ய வேண்டும். அதற்கு முன் டயர் காற்று: கையேடு இல்லையென்றால் முன்னால் 14, பின்னால் 10 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். இடது வலது டயரில் காற்று வேறுபட்டால் லெவல் செய்வது வெட்டி வேலை. பக்கவாட்டில் பிளேடு நுனிகளின் உயர வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்கட்டும், முன்நுனி பின்நுனியைவிட 3 முதல் 6 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். பின்பக்கம் தாழ்ந்தால் ஒரே புல்லை இருமுறை வெட்டி என்ஜின் திணறும்.

டிரான்ஸ்மிஷன் விஷயத்தில்தான் விற்பவரிடம் பொறுமையாக நிற்க வேண்டும். ஆறிய நிலையில் எல்லா ஹைட்ரோவும் நன்றாகவே இழுக்கும். இருபது நிமிடமாவது ஓட்டிச் சூடேற்றிவிட்டு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். பல பிராண்டு வண்டிகளில் வரும் டஃப் டார்க் கே46 சமதளத்துக்கு நல்ல யூனிட். சரிவான இடத்துக்கு அது இளைத்தது. சூட்டில் இழுவை குறைந்தால் முதலில் மேலேயுள்ள விசிறியையும் துடுப்புகளையும் புல்தூசு இல்லாமல் சுத்தம் செய்து, டிரைவ் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். அடுத்தது ஆயில். இதற்கு வடிக்கும் பிளக் கிடையாது. யூனிட்டையே இறக்கிக் கவிழ்த்து, நிரப்பும் துளை வழியாகவே கொட்ட வேண்டும். சுமார் 2 லிட்டர் பிடிக்கும். 10டபிள்யூ-30க்குப் பதில் 5டபிள்யூ-50 சிந்தெடிக் ஊற்றினால் தேய்ந்த யூனிட்டுக்கு இன்னும் கொஞ்சம் ஆயுள் கிடைக்கும். பிறகு பின்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, வண்டியைக் கையால் தள்ளுவதற்கான லீவரை இழுத்துவைத்து, முன்னும் பின்னுமாகச் சிலமுறை ஓட்டிக் காற்றை வெளியேற்றாமல் தரையில் இறக்காதீர்கள். இதற்கும் அசையவில்லையென்றால் உள்ளே பம்ப் தேய்ந்திருக்கிறது. அந்தச் செலவுக்கு வேறு வண்டி தேடலாம்.

என்ஜினுக்கு வருவோம். நெடுநாள் நின்ற வண்டியென்றால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். அளவு ஏறி பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டர் ஊசி அடைக்காமல் பெட்ரோல் கிராங்க்கேஸில் (என்ஜின் ஆயில் நிற்கும் அடிப்பெட்டி) இறங்கியிருக்கிறது. அப்படியே ஓட்டினால் பேரிங் தேயும். ஊசியையும் சீட்டையும் மாற்றி, ஆயிலையும் மாற்றிவிட்டே சாவியைத் தொட வேண்டும். டாங்க்கை வடித்து, 6 மி.மீ. பெட்ரோல் ஹோஸ், ஃபில்டர் இரண்டையும் புதிதாகப் போடுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஒயரோடு இருக்கும் சொலினாய்டு (பெட்ரோல் பாதையைத் திறக்கும் மின்வால்வு), சாவி போட்டதும் டிக் என்று ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் பெட்ரோலே ஏறாது.

பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் ஒற்றை சிலிண்டர் ஓவர்ஹெட் வால்வ் என்ஜின்களில் ஒரு வியாதி உண்டு: ஸ்டார்ட்டர் அரைச்சுற்று சுற்றி, கம்ப்ரஷனில் முட்டி நின்றுவிடும். ஆட்கள் பேட்டரி மாற்றுவார்கள், பிறகு ஸ்டார்ட்டர் மாற்றுவார்கள். வேண்டியதெல்லாம் டேப்பட் செட்டிங், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வது. இடைவெளி கூடிவிட்டால் கேம்ஷாஃப்ட்டின் கம்ப்ரஷன் ரிலீஸ் (ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு) வால்வைத் தூக்காது. என்ஜின் ஆறியிருக்கும்போது, பிஸ்டன் உச்சம் தாண்டி 6 மி.மீ. இறங்கிய நிலையில் இன்டேக் 0.08 முதல் 0.13 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.13 முதல் 0.18 மி.மீ. என்று ஃபீலர் கேஜ் வைத்துப் பூட்டுங்கள். ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.76 மி.மீ. செட்டிங் சரியாக இருந்தும் முட்டினால் ரிலீஸ் உடைந்திருக்கிறது. கேம்ஷாஃப்ட் வாங்க வேண்டும். பழைய கோலர் கே வரிசை வார்ப்பிரும்பு என்ஜின் கிடைத்தால் தயங்காதீர்கள். இக்னிஷன் பாயின்ட் இடைவெளி 0.5 மி.மீ. வைத்தால் போதும், தேய்ந்தாலும் சிலிண்டரை ஓவர்சைஸ் போர் அடித்துத் திரும்ப எழுப்பலாம். டெகம்சே என்ஜின் தயாரிப்பு 2008-இல் நின்றுவிட்டது. கார்புரேட்டர் கிட் கிடைத்தாலும் பெரிய பாகங்களுக்கு அலைய நேரும்.

மின்சாரத்தில், சீட், பிரேக், டெக் சுவிட்சுகளை யாராவது ஒயர் முறுக்கி நேராக இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் மற்ற வேலைகளையும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று விலையைக் குறைத்துக் கேட்கலாம். சுவிட்சுகளை அசலாக மாற்றாமல் பிளேடைச் சுழலவிடக் கூடாது. ஸ்டீயரிங் ஆட்டம் பெரும்பாலும் தகட்டுப் பல்சக்கரம் நடுவில் தேய்ந்ததால் வருவது; மலிவான பாகம், கை நுழைய இடமில்லாத வேலை.

முதல் வெட்டு காய்ந்த புல்லில், ஆக்சிலேட்டர் முழுக்கத் திறந்து. இரண்டு பிளேடுக்கும் நடுவில் வெட்டாத கோடு நின்றால் நுனி தேய்ந்த பிளேடு, வழுக்கும் பெல்ட், தலைகீழாக மாட்டிய பிளேடு என்ற வரிசையில் தேடுங்கள். படிக்கட்டு மாதிரி உயரம் மாறினால் மறுபடி லெவல். ஒரு மணி நேரம் வெட்டியதும் என்ஜினை நிறுத்தி, பிளக் ஒயரை எடுத்துவிட்டு, பிளேடு போல்ட்டுகளை டார்க் ரென்ச்சால் மீண்டும் சரிபார்த்து, ஸ்பிண்டில் ஹவுசிங்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்புதான். கை வைக்க முடியாத சூடு என்றால் ஸ்பேசர் விடுபட்டிருக்கும், இல்லையேல் பேரிங் கோணலாக இறங்கியிருக்கும். அப்போதே கழற்றிவிடுவது நல்லது.