சிஎஸ் 3301 டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்: சேலம் மாணவர்களுக்கு ஒரு பாட மதிப்பீடு

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில், கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்களுக்கு மூன்றாம் செமஸ்டரில் வரும் தியரி பாடம் சிஎஸ் 3301, அதாவது டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்: தரவுகளைக் கணினியில் அடுக்கிவைக்கும் முறைகள். கூடவே சிஎஸ் 3311 என்ற லேப். சேலத்தில் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி, சோனா போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரி எதுவானாலும் பாடத்திட்டமும் செமஸ்டர் வினாத்தாளும் ஒன்றுதான். ஈசிஇ, இஇஇ மாணவர்களுக்கு இதன் சுருக்கப் பதிப்பு சிஎஸ் 3353 என்ற பெயரில் சி மொழியோடு சேர்ந்து வருகிறது. ஐடி பிரிவுக்கு இதே விஷயம் பைத்தானில். இங்கே பார்ப்பது சி மொழியில் நடத்தப்படும் 3301-ஐ மட்டும்.

மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடலாம். பாடத்திட்டம் கனமானது, ஒழுங்கானது, கண்டிப்பாக உழைத்துப் படிக்கத் தகுந்தது. ஆனால் ஒரு பெரிய குறை உண்டு. லிங்க்டு லிஸ்ட், ட்ரீ, ஹாஷ் டேபிள் எல்லாவற்றையும் எப்படிக் கட்டுவது என்று சொல்லித்தருகிறது. எந்த இடத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது, அதற்கு என்ன விலை என்ற கணக்கை நான்காம் செமஸ்டரின் சிஎஸ் 3401 அல்காரிதம்ஸுக்குத் தள்ளிவிடுகிறது. தரவு பெருகும்போது வேலை எவ்வளவு பெருகும் என்று காட்டும் பிக் ஓ குறியீடு முறையாக வருவதே அங்கேதான். அதனால் மூன்றாம் செமஸ்டரில் பலர் இருபது கட்டமைப்புகளை மனப்பாடம் செய்து முடிக்கிறார்கள், ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடத் தெரியாமல்.

இந்தக் குறையை நிரப்ப அடுத்த செமஸ்டர் வரை காத்திருக்க வேண்டாம். லேபில் எழுதும் ஒவ்வொரு புரோகிராமிலும் ஒப்பீடுகளை எண்ண ஒரு கவுண்டர் மாறியை வையுங்கள். தலைகீழாக அடுக்கிய 10,000 எண்களை இன்செர்ஷன் சார்ட்டுக்குக் கொடுத்தால் கவுண்டர் ஏறத்தாழ 5 கோடியைத் தொடும். சரியாகச் சொன்னால் 4,99,95,000. அதே எண்களை மெர்ஜ் சார்ட்டுக்குக் கொடுத்தால் 1.34 லட்சத்தைத் தாண்டாது. எண்களை இரட்டிப்பாக்கி 20,000 ஆக்கினால் முதலாவது நான்கு மடங்காகும், இரண்டாவது இரண்டு மடங்கைச் சற்றே தாண்டும். இதைக் கண்ணால் பார்த்தவருக்கு 3401-இன் முதல் யூனிட் புதிதாக இருக்காது.

பாடத்தின் ஐந்து யூனிட்களில் முதலாவதான லிஸ்ட் எளிது என்று நினைத்து ஓட்டிவிடுவதுதான் பின்னால் அரியரில் கொண்டுபோய் விடுகிறது. பாயின்டரில் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) பிடி தளர்ந்தால் மூன்றாம் யூனிட்டின் ட்ரீ எதுவும் ஏறாது. இங்கே வழக்கமாகத் தவறும் இடங்கள் நான்கு.

லிங்க்டு லிஸ்டில் ஒவ்வொரு நோடும் ஒரு மதிப்பையும், அடுத்த நோடைக் காட்டும் நெக்ஸ்ட் என்ற பாயின்டரையும் கொண்டது. நடுவில் புது நோடைச் செருகும்போது, முதலில் புது நோடின் நெக்ஸ்ட்டை அடுத்த நோடுக்குக் காட்டவேண்டும். பிறகுதான் முந்தைய நோடின் நெக்ஸ்ட்டைப் புதியதற்கு மாற்றவேண்டும். வரிசை மாறினால் புது நோடு தன்னையே சுட்டிக்கொள்ளும். அச்சிடும் லூப் நிற்காமல் ஒரே எண்ணைக் கொட்டிக்கொண்டே இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். இரண்டாவது, லிஸ்டின் தலையில் செருகும் ஃபங்ஷனுக்கு, முதல் நோடைக் காட்டும் ஹெட் பாயின்டரை அப்படியே அனுப்புவது. சி மொழி அதன் நகலைத்தான் அனுப்பும், வெளியே இருக்கும் ஹெட் மாறாது. ஃபங்ஷன் புதிய ஹெட்டைத் திருப்பித் தரவேண்டும், அல்லது பாயின்டரின் பாயின்டரை அனுப்பவேண்டும். மூன்றாவது, நோடை ஃப்ரீ செய்தபிறகு அதன் நெக்ஸ்ட்டைப் படிப்பது. அடுத்த முகவரியை முன்கூட்டியே ஒரு தற்காலிக மாறியில் எடுத்துவைக்கவேண்டும்.

நான்காவது தவறு நீண்டகாலம் ஒளிந்திருக்கும். நினைவகத்தில் இடம் ஒதுக்கித் தரும் மால்லாக்கிடம் நோடின் அளவைக் கேட்பதற்குப் பதில் நோடு பாயின்டரின் அளவைக் கேட்டுவிடுவது. 64 பிட் கணினியில் பாயின்டருக்கு 8 பைட். ஒரு இன்டிஜரும் ஒரு பாயின்டரும் உள்ள நோடுக்கு, இடைவெளி நிரப்பலையும் சேர்த்து, 16 பைட். லினக்ஸில் 8 பைட் கேட்டாலும் மால்லாக் உள்ளுக்குள் 24 பைட் கொடுத்துவிடுவதால் புரோகிராம் அன்றைக்கு ஓடிவிடும், ரெக்கார்டில் கையெழுத்தும் கிடைத்துவிடும். அந்த நோடில் 20 எழுத்துப் பெயர் ஒன்றைச் சேர்த்ததும் உடையும். ஜிசிசி கம்பைலரில், நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரை -g-யோடு இயக்கிக் கம்பைல் செய்தால் முதல் ஓட்டத்திலேயே வரி எண்ணோடு காட்டிக்கொடுக்கும். லேபில் இன்னும் டர்போ சி என்ற பழைய கம்பைலர் இருந்தால் அங்கே தேவையானதை மட்டும் செய்துவிட்டு, சொந்த லேப்டாப்பில் ஜிசிசிக்கு வந்துவிடுங்கள். டர்போ சியில் இன்டிஜர் 2 பைட்தான், 32,767-க்கு மேல் போனால் எண் எதிர்மறைக்குத் திரும்பும். மேலே சொன்ன கவுண்டர் கணக்கு அங்கே பிசகிவிடும்.

பாடநூலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பரிந்துரைக்கப்பட்ட மார்க் ஆலன் வைஸின் நூல் மிகத் திடமானது, ஆனால் பாயின்டர்களைத் தனிப் பெயர்களுக்குள் மறைத்து எழுதும்; லிஸ்டின் முன்னால் மதிப்பில்லாத ஹெடர் நோடு ஒன்றையும் வைக்கும். லேப் மேனுவல்களில் பெரும்பாலும் ஹெடர் நோடு இருப்பதில்லை. இரண்டையும் கலந்து எழுதினால் முதல் நோடை நீக்கும் இடத்தில் புரோகிராம் விழும். ஒரு பாணியைத் தேர்ந்தெடுத்து செமஸ்டர் முழுக்க அதிலேயே இருங்கள்.

இரண்டாம் யூனிட் ஸ்டாக் (கடைசியில் வைத்தது முதலில் வெளிவரும்), க்யூ (முதலில் வந்தது முதலில் வெளிவரும்). மதிப்பெண் எடுக்க எளிதானது இதுதான். கவனிக்கவேண்டியவை குறைவு. இன்ஃபிக்ஸை (3+4) போஸ்ட்ஃபிக்ஸாக (3 4 +) மாற்றும்போது சம முன்னுரிமை உள்ள குறி ஸ்டாக்கின் உச்சியில் இருந்தால் அதை வெளியே எடுத்தாகவேண்டும். எடுக்காமல் விட்டால் 8−3−2 என்பது 3-க்குப் பதில் 7 தரும், ஏனெனில் அது 8−(3−2) ஆகிவிட்டது. அடுக்குக்குறிக்கு மட்டும் விதி நேர்மாறு. போஸ்ட்ஃபிக்ஸை மதிப்பிடும்போது முதலில் வெளிவருவது வலப்பக்க எண். கழித்தலிலும் வகுத்தலிலும் இதை மாற்றிப்போட்டுத்தான் தப்பு வரும். சர்க்குலர் க்யூவில் ஃப்ரன்ட்டும் ரியரும் சமமானால் க்யூ காலியா நிரம்பியதா என்று தெரியாது. ஒரு இடத்தைக் காலியாக விடுங்கள், அல்லது எண்ணிக்கையைத் தனியாக வையுங்கள்.

மூன்றாம் யூனிட்தான் இந்தப் பாடத்தின் உயிர். சாதாரண பைனரி சர்ச் ட்ரீயில் 1 முதல் 1,000 வரை வரிசையாகச் செருகினால் உயரம் 999. ட்ரீ என்ற பெயரில் ஒரு லிஸ்ட்தான் கிடைக்கும். இடது, வலது உயரங்கள் ஒன்றுக்கு மேல் வேறுபடாதபடி நோடுகளைச் சுழற்றிச் சமன்செய்யும் ஏவிஎல் ட்ரீயில் எந்த வரிசையில் செருகினாலும் 1,000 மதிப்புகளுக்கு உயரம் 13-ஐத் தாண்டாது. காரணம் எளிது: உயரம் 14 உள்ள ஏவிஎல் ட்ரீக்குக் குறைந்தது 1,596 நோடுகள் வேண்டும். இதைக் கையால் கணக்கிட்டுப் பாருங்கள். உயரம் 0-க்கு 1, உயரம் 1-க்கு 2, அதற்குப்பின் முந்தைய இரண்டின் கூட்டுத்தொகையோடு 1. சுழற்சிகள் எதற்காக என்பது அப்போது தானாக விளங்கும்.

சுழற்சியில் 10, 20, 30 ஒற்றைச் சுழற்சி. 30, 10, 20 இரட்டைச் சுழற்சி. கோடில் தவறுவது உயரத்தைப் புதுப்பிக்கும் வரிசையில். சுழற்சிக்குப் பின் கீழே இறங்கிய நோடின் உயரத்தை முதலில் திருத்தவேண்டும், மேலே ஏறியதை அதற்குப் பிறகு. மாற்றிச் செய்தால் சமநிலை எண் (இடது, வலது உயரங்களின் வித்தியாசம்) பொய்யாகி, நாலைந்து செருகலுக்குப் பின் சம்பந்தமே இல்லாத இடத்தில் சுழலும். தேர்வில் ஒவ்வொரு செருகலுக்கும் தனிப்படம் வரைந்து, நோடின் பக்கத்தில் சமநிலை எண்ணை எழுதுங்கள். கடைசிப் படம் மட்டும் வரைந்தால், விடை சரியாக இருந்தாலும் இடைப்படிகளுக்கான மதிப்பெண் போய்விடும்.

ட்ரீயை அர்ரேயில் வைக்கும் ஹீப்பில் 1-லிருந்து எண்ணினால் i-ஆம் இடத்தின் பிள்ளைகள் 2i, 2i+1 என்று புத்தகங்கள் குறிக்கும் இடங்களில். அதாவது 3-ஆம் இடத்தின் பிள்ளைகள் 6, 7. பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் 3-ஆம் இடத்துக்கு 7, 8. தியரி வகுப்பில் ஒன்றும் லேபில் இன்னொன்றும் பழகினால் குழப்பம் நிச்சயம்.

நான்காம் யூனிட்டில் கிராஃப் பகுதி மிகவும் சுருக்கமாக நடத்தப்படுகிறது. அதிலும் பை-கனெக்டிவிட்டி (எந்த ஒரு முனையை எடுத்தாலும் மீதி துண்டாகாமல் இருப்பது) பலருக்குப் புரியாமலே போகிறது. அதற்கு நம் ஊரே நல்ல வரைபடம். சேலம், மலையடிவாரம், ஏற்காடு, குப்பனூர், அயோத்தியாப்பட்டணம், மறுபடி சேலம் என்று ஒரு வளையம் வரையுங்கள். மழையில் மண் சரிந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பிரதான மலைப்பாதையை மூடும்போது வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுகிறார்களே, அதற்குக் காரணம் இந்த வளையம்தான். இதில் எந்த ஒரு முனையை எடுத்தாலும் மீதி துண்டாகாது. இப்போது அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வாழப்பாடிக்கு ஒரே ஒரு கோடு சேருங்கள். சேலத்திலிருந்து அதே வரிசையில் டெப்த் ஃபர்ஸ்ட் (டிஎஃப்எஸ்: ஒரு வழியில் முடிந்தவரை ஆழமாகப் போய்த் திரும்புவது) ஓட்டினால் எண்கள் 1 முதல் 5 வரை வளையத்துக்கு, வாழப்பாடிக்கு 6. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து சேலத்துக்குப் பின்னோக்கிய கோடு இருப்பதால் வளையத்தில் எல்லோருக்கும் லோ மதிப்பு, அதாவது கீழே இறங்கிப் பின்னோக்கிய ஒரு கோட்டில் எட்டக்கூடிய மிகச் சிறிய எண், 1. வாழப்பாடிக்குப் பின்னோக்கிய வழி இல்லை, லோ 6. பிள்ளையின் லோ தாயின் எண்ணுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் தாய்தான் வெட்டுமுனை, எடுத்தால் படம் துண்டாகும் முனை: 6 என்பது 5-ஐ விடப் பெரியது, ஆக இந்தப் படத்தில் அயோத்தியாப்பட்டணம் வெட்டுமுனை. தொடங்கிய முனைக்கு மட்டும் விதி வேறு; அதற்கு டிஎஃப்எஸ் ட்ரீயில் இரண்டு பிள்ளைகளாவது இருக்கவேண்டும். 13 மதிப்பெண் கேள்வி ஒன்றுக்கு இந்த ஆறு முனைகளே போதுமான பயிற்சி.

மிகக் குறைந்த தூர வழியைக் காணும் டைக்ஸ்ட்ரா லேபில் ஒரு பொறி இருக்கிறது. தூரம் தெரியாத முனைக்கு இன்டிஜரின் உச்ச மதிப்பான 2,147,483,647-ஐ வைத்துவிட்டு, அதோடு சாலைத் தூரத்தைக் கூட்டினால் எண் எதிர்மறையாகிவிடும். அதுவே குறைந்த தூரம் என்று புரோகிராம் நம்பிவிடும். கூட்டுவதற்கு முன் அந்த முனை எட்டப்பட்டதா என்று சோதிக்கவேண்டும். பிஎஃப்எஸ், டிஎஃப்எஸ் இரண்டும் தியரியில் இருந்தும் 3311 லேப் பட்டியலில் இல்லை. இவற்றை நீங்களாகவே எழுதிப் பார்த்துவிடுங்கள். பி ட்ரீ, பி பிளஸ் ட்ரீ படம் வரைந்து பழகினால் போதும்.

ஐந்தாம் யூனிட்டில் சார்ட்டிங் எளிது. க்விக் சார்ட் இங்கே கிடையாது, அடுத்த செமஸ்டரில்தான். இன்டர்வியூவில் அது கேட்கப்படும் என்பதால் முன்பே பார்த்துவைப்பது நல்லது. நேரம் செலவழிக்கவேண்டியது ஹாஷிங்கில். 11 இடங்கள் கொண்ட டேபிளில் 22, 41, 53, 46, 30 ஆகியவற்றை லீனியர் ப்ரோபிங்கில் இடுங்கள்: 11-ஆல் வகுத்த மீதிதான் இடம், அது நிரம்பியிருந்தால் அடுத்தடுத்த இடம். 22 பூஜ்ஜியத்தில், 41 எட்டில், 53 ஒன்பதில், 46 இரண்டில். 30-க்கும் எட்டுதான் வரும். எட்டு, ஒன்பது இரண்டும் நிரம்பியதால் பத்தில் உட்காரும். இப்போது 53-ஐ நீக்கி ஒன்பதைக் காலியாக விட்டுவிட்டு 30-ஐத் தேடுங்கள். எட்டில் 41, ஒன்பது காலி, தேடல் அங்கேயே நின்று 'இல்லை' என்று சொல்லிவிடும். அதனால்தான் நீக்கிய இடத்தில் 'இங்கே இருந்தது' என்ற அடையாளம் வைக்கவேண்டும். வைவாவில் இதைச் சொல்லத் தெரிந்தவருக்கு ஓபன் அட்ரசிங் (இடம் நிரம்பினால் அதே டேபிளில் வேறு இடம் தேடுவது) புரிந்துவிட்டது என்று பொருள். 1, 4, 9 என்று தாவித் தேடும் க்வாட்ராடிக் ப்ரோபிங்குக்கு டேபிள் அளவு பகா எண்ணாக இருந்து, பாதிக்கு மேல் நிரம்பாமல் இருந்தால்தான் புதிய மதிப்புக்கு இடம் கிடைக்கும் என்ற உறுதி உண்டு.

மதிப்பெண் முறை: தியரியில் இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60. லேபில் நேர்மாறு, 60-க்கு 40. தேறுவதற்கு மொத்தத்தில் 50 விழுக்காடும் செமஸ்டர் தேர்வில் தனியாக 45 விழுக்காடும் வேண்டும். இன்டர்னல் நிறைய இருக்கிறது என்று அசட்டையாக இருந்துவிட முடியாது. வினாத்தாளில் பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், ஐந்து 13 மதிப்பெண் கேள்விகள், ஒரு 15 மதிப்பெண் கேள்வி. மூன்று மணி நேரத்தில் 13 மதிப்பெண் கேள்விக்கு 23 நிமிடம்தான் கணக்கு. முழுக் கோடையும் எழுதி, படமும் வரைய அது பற்றாது. செருகுதல் அல்லது நீக்குதல் ஃபங்ஷன் ஒன்றை மட்டும் முழுமையாக எழுதி, மீதி நேரத்தைப் படிப்படியான எடுத்துக்காட்டுக்குக் கொடுங்கள்.

துணைக்கு, இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் இரண்டு பாடங்களைத் தயங்காமல் சொல்லலாம். டெல்லி ஐஐடியின் நவீன் கார்க் நடத்திய பாடம் பழையது, ஆனால் கட்டமைப்புகளையும் அவற்றின் செலவையும் சேர்த்தே பேசுகிறது. 3301-இல் விடுபட்ட பாதி அங்கே கிடைக்கும். சென்னை கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த் பைத்தானில் நடத்தும் எட்டு வாரப் பாடம், ரிகர்ஷன் (ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) பிடிபடாதவர்களுக்கும் டைனமிக் புரோகிராமிங்கை (சிறு விடைகளைச் சேமித்துப் பெரியதைக் கட்டுவது) முன்கூட்டியே தொட நினைப்பவர்களுக்கும் ஏற்றது. பாடம் கேட்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். 3301 நடக்கும்போதே மாதவன் முகுந்தின் பாடத்தையும் எடுப்பதானால் மூன்றாம், நான்காம் வார சர்ச்சிங், சார்ட்டிங், ஆறாம் வார ஹீப், ஏழாம் வார ட்ரீ ஆகியவற்றை மட்டும் உங்கள் யூனிட் வரிசைக்கு ஏற்ப மாற்றிப் பாருங்கள். பைத்தான் அடிப்படை வாரங்களை செமஸ்டர் தொடங்குமுன் விடுமுறையிலேயே முடித்துவிடலாம்.